‘ம்’ என்றார்

“ஒரு ஆள் வேணும்.”

மகளிடம் போனில் இந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் லிப்ட்காரர் வைத்துவிட்டார். போன வாரம் அவரை அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு வந்தோம். பிறகு நடந்தது இது: மகள் பதறிப்போய்த் திருப்பிப் போன் அடித்திருக்கிறாள். நெஞ்சு வலியா, வழுக்கி விழுந்தீங்களா என்று அவள் கேட்டுக்கொண்டே போக, மனிதர் நிதானமாகச் சொன்னார்: “இஞ்சின் ஸ்டார்ட் பண்ணணும். சாவி திருப்ப ஒரு ஆள் வேணும்.”

பெற்ற மகளுக்கு எப்படி இருக்கும்? வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த முறை அவள் வைத்துவிட்டாள்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரித்துப் போட்ட பழைய இஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும், இன்னொருவர் முன்னால் குனிந்து கார்புரேட்டரில் கை வைத்துக்கொண்டு சத்தத்தைக் கேட்க வேண்டும். மற்ற வேலைகளை எல்லாம் ஒண்டியாகச் செய்துவிடலாம். இதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டாவது ஆள் இல்லாமல் போய் இன்றோடு எழுபத்திரண்டு நாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. லிப்ட்காரர் முப்பத்து நான்கு வருஷம் அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்த்தவர். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கியவர், தான் மட்டும் இருட்டுக் குழிக்குள் நின்று வேலை செய்தார். மேலே இருந்து யாராவது ஏதாவது கத்துவார்கள். கீழே இருந்து இவர் “ம்” என்பார். அந்த வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று, ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் வருஷக்கணக்காகத் தூசி தின்றுகொண்டிருந்த பழைய காரைக் கட்டடக்காரர் இவருக்கே கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுவந்து பின்பக்கத்து ஷெட்டில் நிறுத்தினார். மனைவி அதற்கு வைத்த பெயர் ‘சின்ன வீடு’.

மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் இருந்தவள். தெருவில் லேப் அம்மா என்றால்தான் தெரியும். எழுபத்திரண்டு நாளைக்கு முன் ஒரு பெட்டியோடு ரயிலேறி, வெளியூரில் ஒரு லேப் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கப் போய்விட்டாள். “சொல்லாம போயிட்டா” என்கிறார் இவர். “சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்கிறாள் அவள். அன்று ராத்திரி போனில் இந்த இரண்டு வாக்கியத்தையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டதோடு சரி. அப்புறம் பேச்சே இல்லை. மகள்தான் நடுவில் தபால்காரி.

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அதுதான் மகளுக்குத் தலைவலி.

இன்று காலை எட்டு மணிக்கு லிப்ட்காரர் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தார். பிஸ்டன், வால்வு, ஹெட் எல்லாம் ஏறிவிட்டன. மண்ணெண்ணெயில் ஊறிக் கம்பி பிரஷ்ஷில் தேய்பட்ட நட்டும் போல்ட்டும் பளபளவென்று இருந்தன. மிச்சம் இருந்தது வாட்டர் பம்ப், அதற்கு மேல் விசிறி, அப்புறம் ரேடியேட்டர். பம்ப்பைப் பிடிக்க நாலு போல்ட்.

நாலும் பார்வைக்குக் கூடப் பிறந்தவை. நீளத்தில் மட்டும் கால் அங்குலம், அரை அங்குலம் வித்தியாசம். நீளமானதைத் தப்பான துளையில் போட்டு இறுக்கினால் உள்ளே போய்ச் சிலிண்டர் சுவரை முட்டும். ஒரு விரிசல் விட்டால் போதும், இத்தனை நாள் பாடும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

ஒரு கம்பியை விட்டு ஆழம் பார்க்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பார்த்தார். நாலு துளையும் உள்ளே தண்ணீர் ஓடும் வழியில் திறந்துகொண்டிருந்தன. கம்பி சுவரில் சறுக்கி வளைந்து, அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

நாலு போல்ட்டும் நாலு டப்பாவில் இருந்தன. டப்பா என்றால் லேபில் நம் கையில் கொடுத்து அந்த அறைப் பக்கம் அனுப்பிவைப்பார்களே, வெள்ளை பிளாஸ்டிக், திருகு மூடி, அதே டப்பா. முகத்தைச் சுளிக்க வேண்டாம், புதுசுதான். தேதி தாண்டிவிட்டதென்று லேபில் தூக்கிப் போட இருந்ததை லேப் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இஞ்சினைப் பிரித்த ஒன்பது நாளும் அவள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவர் காருக்கு அடியில் இருந்து கையை நீட்டுவார். அவள் வாங்கி டப்பாவில் போட்டு, மூடி, சீட்டு ஒட்டுவாள். சீட்டு எழுதாத டப்பா குப்பைக்கு என்பது லேப் சட்டம். “எங்கேந்து கழட்டினதுன்னு எழுது” என்று இவர் சொல்லியிருந்தார். அவளுக்கு இஞ்சினில் ஒரு உறுப்பின் பெயரும் தெரியாது, இவரும் சொல்லவில்லை. அதனால் தேதி, நேரம் போட்டு, அந்த நேரத்தில் தான் என்ன பேசிக்கொண்டிருந்தாளோ அதை எழுதினாள். “அப்ப நான் என்ன சொன்னேன்னு பார்த்தா, என்ன கழட்டினீங்கன்னு உங்களுக்குத் தானா ஞாபகம் வரும்” என்று விளக்கமும் சொல்லியிருக்கிறாள். அதற்கும் இவர் ம் கொட்டியிருக்க வேண்டும்.

மற்றவற்றைக் கண் பழக்கத்திலும் கைப் பழக்கத்திலும் மாட்டிவிட்டார். சீட்டைப் படிக்கவே இல்லை. காலி டப்பாக்கள் ஒரு சாக்கில் கிடந்தன. இன்றுதான் முதல் முறையாக மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘பல் வலி விட்டுவிட்டது என்றேன்.’

அடுத்தது: ‘எந்தப் பல் என்று கேட்கவில்லை.’

“போல்ட்டுக்கும் பல்லுக்கும் என்னடி சம்பந்தம்?” என்றார் வாய்விட்டு. ஷெட்டில் யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? ஜன்னல் விளிம்பில் இருந்த பூனை மட்டும் ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. அந்தக் கறுப்பு வெள்ளைப் பூனை எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் இருந்தது, அவ்வளவுதான். அவர் இன்னும் இரண்டு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார், அளவு கைக்கு வரவில்லை. மிச்சத்தை அதுதான் தின்றது.

பத்து மணிக்கு வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. மகள் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து சீட்டில் ஒரு தனி பிரேக்கோடு உட்கார்ந்து ஊராரின் உயிரைக் காப்பாற்றுவது அவள் தொழில். இரண்டு மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள்.

“வந்துட்டியா?”

“வரலன்னே நினைச்சுக்கோங்க. சாவியைத் திருப்பிட்டுப் போயிடுவேன். நாலு மணிக்கு கிளாஸ் இருக்கு.”

“சாப்பிட்டியா?”

“அப்பா, கையில இருக்கிற துணியை வைங்க. ஒண்ணு சொல்லணும்.” வைக்கும் வரை காத்திருந்தாள். “அம்மாவை அங்கயே இருக்கச் சொல்றாங்க. ஒரு வருஷம் இல்ல, இன்னும் மூணு வருஷம். குவார்ட்டர்ஸ் தராங்களாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கையெழுத்துப் போடணும்.”

லிப்ட்காரர் துணியை மறுபடியும் எடுத்துக்கொண்டார். சுத்தமாக இருந்த ஸ்பானரைத் துடைத்தார்.

“அவ இஷ்டம்.”

“அவ்வளவுதானா?”

“போறப்ப என்னைக் கேட்டாளா? முப்பத்தொரு வருஷம் கூட இருந்துட்டு, கடைக்குப் போற மாதிரி ‘கிளம்பறேன்’னுட்டுப் போனா. பெட்டியைப் பார்த்தேன், அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போறான்னு நினைச்சேன். இப்ப மட்டும் நான் என்ன சொல்றது?”

குரல் கடைசியில் கரகரத்தது. கோபம் என்று மகள் நினைத்தாள். கோபம் கால்வாசிதான். தன்னை ஒரு பொருட்டாக நினைத்து அவள் கேட்கவில்லையே என்பதுதான் மீதி. எழுபத்திரண்டு நாளாக அது சதையில் ஏறிய மரச் சிலாம்பு போல உள்ளே இருந்தது. யாரிடம் காட்டுவார்?

மகள் கையை நீட்டினாள். “சரி, சாவியைக் கொடுங்க.”

“இன்னும் பம்ப் மாட்டல.” டப்பாக்களை நீட்டினார். “இந்த நாலுல எது எங்கன்னு தெரியல. உங்கம்மா எழுதி வச்சிருக்கா பாரு, லட்சணமா.”

மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். மூன்றாவதில், ‘மாடி வீட்டுக்காரர் காலி செய்கிறார் என்றேன்.’ நாலாவதைப் படித்ததும் நிமிர்ந்து பூனையைப் பார்த்தாள்.

“இந்தப் பூனை எங்கேந்து வந்துச்சுன்னு தெரியலன்னு எங்கிட்ட சொன்னீங்க இல்ல?”

“ஆமா. ஏதோ தெருப்பூனை.”

“இதைப் படிங்க.”

‘அவர் பூனையை நாம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ம் என்றார்.’

லிப்ட்காரர் இரண்டு தடவை படித்தார். பூனையைப் பார்த்தார். பூனையும் இவரைப் பார்த்தது. அது முறையாக அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

“நேரம் போட்டிருக்கு, ஆனா எண்ணெய் பட்டு அழிஞ்சிருக்கு” என்றாள் மகள். “வரிசை தெரிஞ்சா போதுமில்ல? நாலு போல்ட் கழட்டினா எந்த வரிசைல கழட்டுவீங்க?”

“மேல இடது. அதுக்கு நேர் எதிர்ல கீழ வலது. அப்புறம் மேல வலது, கீழ இடது.”

“எப்பவுமா?”

“முப்பத்து நாலு வருஷமா.”

“அப்ப அம்மா பேசின வரிசைதான் நீங்க கழட்டின வரிசை. பல் வலிக்கப்புறம் எந்தப் பல். வீடு காலிக்கப்புறம் பூனை. இந்த ஜோடி முன்னாடியா, அந்த ஜோடி முன்னாடியா, அதுதான் தெரியணும். மத்த டப்பா எல்லாம் எங்க?”

சாக்கு வந்தது. சாப்பாட்டு மேஜையில் நாற்பத்தொரு டப்பாவும் ஏறின. கடன் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, இத்தனை டெஸ்ட்டா? யாருக்கு என்ன?” என்று நெஞ்சில் கை வைத்தாள். “எல்லாருக்கும்தான்” என்று சொல்லி மகள் அனுப்பிவைத்தாள்.

விசிறி டப்பாவில் ‘பல் டாக்டரிடம் தனியாகவே போய் வந்தேன் என்றேன்’ என்று இருந்தது. பம்ப்புக்கு அடுத்துக் கழற்றிய புகைக் குழாய் நட்டு டப்பாவில் ‘பூனை நாளைக்கு வருகிறது என்றேன்’ என்று இருந்தது. ஆக, பல் முதலில், பூனை பிறகு. லிப்ட்காரர் நாலு டப்பாவையும் அதே வரிசையில் தட்டில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தார். போல்ட்டுகள் நாலும் விரலாலேயே கடைசி வரை இறங்கின. அந்த வேலையின் சந்தோஷத்தில் அவருக்கு மற்றது மறந்துபோனது.

மகளுக்கு மறக்கவில்லை. அவள் மேஜையிலேயே உட்கார்ந்து மீதியையும் வரிசைப்படுத்தினாள்.

அம்மா நோயாளிக் குறிப்பு எழுதுகிற அதே கையெழுத்து, அதே நடை. கூட்டல் குறைச்சல் கிடையாது. ‘சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்டேன் என்றேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.’ அதற்கடுத்து, ‘பதினேழாம் நம்பர் ஸ்பானர் கேட்டார். கொடுத்தேன்.’ ஆறாம் நாளில் ஒன்று, ‘இன்று என் பிறந்த நாள். சொல்லிப் பார்க்கவில்லை.’ இன்னொன்றில், ‘இன்று இரண்டு முறை சிரித்தார். இரண்டும் போல்ட்டைப் பார்த்து.’

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பிறந்த நாளன்று தானும் மறந்துவிட்டு மறுநாள்தான் போன் செய்தது ஞாபகம் வந்தது.

அம்மா இவ்வளவு பேசுவாளா? தன்னிடம் போனில் பேசும்போதெல்லாம் அம்மா கேட்பாள், இவள் சொல்வாள். அம்மாவுக்குச் சொல்ல இவ்வளவு இருந்திருக்கிறது.

முப்பத்தெட்டாவது டப்பாவில் அவள் கை நின்றது. ‘லேப் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்றேன். வெளியூர், ஒரு வருடம்.’ முப்பத்தொன்பதில், ‘போவதா இருப்பதா தெரியவில்லை என்றேன்.’

நாற்பதையும் நாற்பத்தொன்றையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு இரண்டையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு “வா” என்று குரல் வந்தது.

ரேடியேட்டரில் தண்ணீர், புது ஆயில், புது பேட்டரி எல்லாம் தயார். லிப்ட்காரர் பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு நின்றார். மகள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சீட்டில் இன்னும் துணி போடவில்லை, வெறும் ஸ்பிரிங் குத்தியது.

“திருப்பு.”

வண்டி முனகியது. நின்றது.

“சோக்கை இழுத்துட்டுத் திருப்பு.”

இன்னும் கொஞ்சம் முனகி, ஒரு தடவை தும்மி, நின்றது. லிப்ட்காரர் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். “ம், இப்ப.”

மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. முதலில் திக்கித் திணறி, அப்புறம் ஒரே சீராக. ஷெட் முழுக்கப் புகை. தகரக் கூரை அதிர்ந்தது, பூனை எகிறிக் குதித்து ஓடியது. இருபது வருஷத்துக்கு மேல் செத்துக் கிடந்த இரும்பு அவர் கைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. லிப்ட்காரரின் முகத்தை அந்த நிமிஷம் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து, நாலு சிலிண்டரின் சத்தத்தையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் தப்பவில்லை அவர் காதுக்கு.

மகள் உள்ளே இருந்து ஏதோ கேட்டாள்.

“ம்” என்றார், கண்ணைத் திறக்காமல்.

மகள் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டாள்.

“ஏன் நிறுத்தின? ஓடட்டும், சூடாகணும்!”

“இப்ப நான் என்ன கேட்டேன்?”

“ஆக்ஸிலேட்டரை மிதிக்கட்டுமான்னு கேட்ட.”

“இல்ல.”

லிப்ட்காரர் பானெட்டில் இருந்து தலையை வெளியே எடுத்தார். புகை மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. “தெரியல” என்றார்.

“அம்மா நாளைக்குக் கையெழுத்துப் போடட்டுமான்னு கேட்டேன். ம்னு சொன்னீங்க.”

அவள் இறங்கி வந்து இரண்டு டப்பாக்களையும் மட்கார்டின் மேல் வைத்தாள். எண்ணெய்க் கறையைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “பிளைவீல் போல்ட் போட்டு வச்ச டப்பா. கடைசி நாள்.” பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவேன் என்றேன்.’

‘போகட்டுமா என்று கேட்டேன். ம் என்றார்.’

அவருக்கு அந்த நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. பிளைவீல் என்கிற அந்தக் கனத்த சக்கரத்தின் கடைசி போல்ட். துருவேறிப் பிடித்துக்கொண்டு அசையவே மாட்டேன் என்றது. ஸ்பானரின் வாலில் நீளக் குழாயைச் செருகி, சுவரில் காலை உதைத்துக்கொண்டு, இருக்கிற பலத்தை எல்லாம் போட்டு இழுத்தார். ‘டக்’கென்று விட்டது. அந்த நேரத்தில் பின்னால் அவள் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

“அது பதில் இல்லம்மா” என்றார் மெதுவாக. “முக்கினேன்.”

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. “நீங்க முக்கினதுக்கு அம்மா ஊரை விட்டே போயிட்டாங்க, அப்பா.”

“அவளுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.”

“முப்பத்தொரு வருஷமா பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்து அலுத்துப் போயிருக்கும். சரி, அதை விடுங்க. இது?” நாற்பதாவது டப்பாவைத் தொட்டாள். “வேண்டாம்னு சொன்னா இருந்துடுவேன்னு சொன்னப்ப?”

அவர் டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து மூடினார்.

“காதுல விழல.”

“விழலன்னா ‘என்ன சொன்ன?’ன்னு கேக்கலாம். ரெண்டே வார்த்தை. என்கிட்ட டிரைவிங் படிக்க வர்றவங்ககூட கேக்கறாங்க.”

அவரிடமிருந்து அந்த ம் கூட வரவில்லை.

மூன்றரைக்கெல்லாம் அவள் கிளம்பிவிட்டாள். கிளாஸுக்கு எப்படியும் தாமதம்தான். காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். “அம்மாகிட்ட இதை நான் சொல்ல மாட்டேன். தபால்காரி இன்னையோட ரிட்டயர்ட். ஆறு மணிக்கு மேல அம்மா லேப்லதான் இருப்பாங்க.”

தெரு முனையில் கார் திரும்பும் வரை லிப்ட்காரர் வாசலில் நின்றார். திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போக மனசு வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது? அறைக்கு அறை அவர் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். யாரும் நகர்த்தியிருக்க மாட்டார்கள்.

ஷெட்டுக்குத்தான் போனார். இஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. இந்த ஒரு சத்தத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தார். கேட்டாகிவிட்டது. அதை இப்போது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொல்ல ஆள் இல்லை.

மனைவியின் முக்காலி மூலையில் கிடந்தது. இழுத்துப் போட்டு, அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து காரின் வயிறும் தரையும்தான் தெரிந்தன. அவர் உள்ளே படுத்திருந்தபோது அவளுக்குத் தெரிந்திருக்கக்கூடியது இரண்டு கால். ஒன்பது நாளும் அவள் அந்த இரண்டு காலோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணி பத்து நிமிஷத்துக்குப் போனை எடுத்தார். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். பின்னால் ஒரு மெஷின் உர்ரென்று சுற்றும் சத்தம். ரத்தக் குப்பிகளை வைத்துச் சுற்றுவார்களே, அது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் போனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், அடையாளம் தெரிந்தது.

“நான்தான்.”

“ம்.”

“இஞ்சின் ஓடிடுச்சு.”

“ம்.”

“வாட்டர் பம்ப் போல்ட்ல மாட்டிக்கிட்டேன். உன் சீட்டை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம். பல்லு, அப்புறம் மாடி வீடு, அப்புறம் பூனை. நீ சொன்ன வரிசை சரியா இருந்துச்சு.”

“ம்.”

லிப்ட்காரர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். “எந்தப் பல்லு?”

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து, “ம்” என்று வந்தது.

எந்தப் பல் என்று கேட்டால் ம் என்பது பதிலா? இல்லை என்று அவருக்குத் தெரியும். அவள் கவனிக்கவில்லையா, காதில் விழவில்லையா, விழுந்தும் சொல்ல விருப்பம் இல்லையா? மூன்றில் எது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. பேசுகிறவருக்கு இது எப்படி இருக்கும் என்பது அறுபத்திரண்டு வயதில் அவருக்குத் தெரிந்தது. இருந்தாலும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடியும் தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது.

“கடைசி டப்பாவைப் படிச்சேன். அன்னைக்கு நான் ம் சொல்லல. போல்ட்டை இழுத்தேன், முக்கினேன். நீ சொல்லிட்டுத்தான் போன. நான்தான் கேக்கல. அதுக்கு முந்தின டப்பாவையும் படிச்சேன்.”

“ம்.”

“வீடு நல்லா இல்ல.” இதைச் சொன்னபோது அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. “ரெண்டு பேருக்குச் சமைக்கிறேன். பூனைதான் திங்குது. இன்னைக்கு இஞ்சின் ஓடினதைச் சொல்ல ஆள் இல்லாம உன் முக்காலில உக்காந்திருந்தேன்.”

அந்தப் பக்கம் மெஷின் மட்டும்.

“நாளைக்குக் கையெழுத்துப் போடறியா இல்லையான்னு நான் கேக்கல. அது உன் இஷ்டம். கோபத்துல சொல்லல, நிஜமாவே உன் இஷ்டம்.” மூச்சு வாங்கினார். “நான் அங்க வரட்டுமா? சின்ன வீட்டை விட்டுட்டு, ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு. காலைல அங்க இருப்பேன். வரட்டுமா?”

குப்பிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“ம்.”

லிப்ட்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வா என்ற ம்மா? கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற ம்மா? குப்பிகளை அடுக்கும்போது வாயில் தானாக வந்த ம்மா? வாழ்நாள் முழுக்க அவர் பேசிய ஒரே எழுத்து, அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை. பழைய லிப்ட்காரராக இருந்தால் தனக்குச் சௌகரியமான அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போனை வைத்திருப்பார்.

“என்ன சொன்ன?” என்றார்.

அந்தப் பக்கம் மெஷினின் உறுமல் இறங்கத் தொடங்கியது. இறங்கி, இறங்கி, கடைசிச் சுற்றும் ஓய்ந்தது. அவள் அதை நிறுத்திவிட்டிருந்தாள்.